வரிக்கழிவும் குடும்பமும்

வரலாற்று மாணவர் வரிச் சட்டங்களை வறண்ட ஏடுகளெனப் புறக்கணித்தல் தகாது. ஒருவர் தம் வருமானவரியில் எவர்பொருட்டுக் கழிவு கோரலாம் என்னும் விதி, அரசு குடும்பத்தை எவ்வாறு நோக்கிற்று என்பதைத் தெளிவாகப் புலப்படுத்தும். பிரித்தானிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரான்சுடனான போர்ச் செலவை ஈடுசெய்யப் பிரதமர் வில்லியம் பிற் 1799இல் வருமானவரியைப் புகுத்தினார். ஆண்டு வருமானம் 60 பவுணுக்குக் குறைந்தோர் விலக்குப் பெற்றனர்; பிள்ளைகளை உடையோர்க்குக் கழிவும் இருந்தது. சில ஆண்டுகளில் நீக்கப்பட்ட அக்கழிவை, ஒரு நூற்றாண்டின் பின்னர், நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜின் 1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டமே மீட்டளித்தது. 500 பவுணுக்கு மேற்படாத வருமானமுடையோர், 16 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 10 பவுண் கழித்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. மனைவிக்கான கழிவு 1918இல் வந்தது.

ஆயினும் கோரும் உரிமை கணவனதே. மனைவி தானே உழைத்தீட்டிய பணமும் சட்டத்தின் கண்ணில் அவன் வருமானமாகவே கணிக்கப்பட்டது. இந்நிலை 1990 வரை நீடித்தது. இதற்கிடையில், 1977 தொடக்கம் பிள்ளைக்கழிவு படிப்படியாக ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தைப் பெரும்பாலும் தாயிடமே வழங்கப்படும் பிள்ளைக் கொடுப்பனவு பெற்றது. தந்தையின் சம்பளத்தில் மறைந்திருந்த சலுகை, தாயின் கையிற் பணமாகச் சேர்ந்தது.

எனவே, தனிமனிதர் யார், பிறரைச் சார்ந்தோர் யார் என்பது பற்றிய அரசின் தீர்ப்பே கழிவுப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளது எனலாம். இலங்கையில் 1932இல் தொடங்கிய வருமானவரியின் வரலாற்றையும் இந்நோக்கில் ஆராய்தல் நம் கடனாகும்.