இரவல் தூண்கள்

கி.பி. 785 வாக்கில் ஸ்பெயினின் கோர்தோபா நகரத்தில் பெரிய பள்ளிவாசலைக் கட்ட இறங்கிய கொத்தனார்களுக்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு சிக்கல். கையில் இருந்த தூண்கள் எல்லாம் குட்டை. அதிலும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ரோமர்கள் விட்டுப்போன கட்டடங்கள், அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியரின் தேவாலயங்கள் என்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்த தூண்கள் அவை. ஒன்று வழவழப்பான பளிங்கு, இன்னொன்று வரிவரியாகச் செதுக்கியது. போதிகைகளும் அப்படித்தான், ஆளுக்கொரு வேலைப்பாடு. நீளமானதைத் தரைக்குள் இறக்கி, குட்டையானதற்கு அடியில் கல் கொடுத்து ஒருவழியாக மட்டம் பார்த்தாலும், அத்தனை பெரிய கூடத்துக்கு அந்த உயரத்தில் கூரை போட்டால் தலையில் இடிப்பதுபோல இருக்கும். உள்ளே காற்றும் வராது, வெளிச்சமும் வராது.

அவர்கள் செய்தது இதுதான். தூணுக்கும் தூணுக்கும் நடுவே குதிரை லாட வடிவில் ஒரு வளைவு. அதே தூணின் போதிகைக்கு மேல் ஒரு கற்கட்டையை நிறுத்தி, அதன் உச்சியில் அரைவட்டமாக இரண்டாவது வளைவு. கீழ் வளைவு தூண்கள் சாயாமல் பிடித்துக்கொள்ள, மேல் வளைவு கூரையைத் தாங்கியது. இரண்டுக்கும் இடையில் சுவர் கிடையாது, வெறும் வெளி. வளைவுகளைச் சிவப்புச் செங்கலும் வெளிர்க் கல்லுமாக மாற்றி மாற்றி அடுக்கினார்கள். மேரிதா ஊரில் இன்றும் நிற்கும் ரோமர் காலத்து நீர்ப்பாலத்தில் இதே அடுக்கும் இதே நிற மாற்றமும் இருப்பதால், அங்கே பார்த்துத்தான் கற்றிருப்பார்கள் என்று கட்டடக்கலை ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பற்றாக்குறையைச் சமாளிக்கப் பிறந்த ஏற்பாடு, பிறகு உலகமே வந்து அண்ணாந்து பார்க்கும் அழகாகிவிட்டது.

கட்டச் சொன்னவரும் இடம்பெயர்ந்து வந்தவர்தான். சிரியாவை ஆண்ட உமையா குடும்பத்தை 750இல் அப்பாசியர்கள் கூண்டோடு அழித்தபோது தப்பி ஓடிய இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான். வட ஆப்பிரிக்கா முழுக்க ஒளிந்து திரிந்து, 756இல் கோர்தோபாவைப் பிடித்தார். ஊருக்கு வெளியே அவர் அமைத்த தோட்ட மாளிகைக்கு, சிரியாவில் தாத்தா வைத்திருந்த மாளிகையின் பெயரான ருசாஃபாவையே வைத்தார். பள்ளிவாசலை ஆரம்பித்த மூன்றாம் ஆண்டில் அவர் காலம் முடிந்தது.

அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் கட்டடம் வளர்ந்துகொண்டே இருந்தது. ஊரில் ஜனம் பெருகப் பெருக, தெற்குச் சுவரை உடைத்துக் கூடத்தை நீட்டினார்கள். இரண்டாம் அப்துர் ரஹ்மான் ஒருமுறை நீட்டினார். மூன்றாம் அப்துர் ரஹ்மான் முற்றத்தில் புதிய மினாரா எழுப்பினார். 960களில் இரண்டாம் அல் ஹகம் செய்த விரிவுதான் இவற்றுள் உச்சம். தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தைப் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளால் இழைக்க, கான்ஸ்டான்டினோபிளில் இருந்த கிறிஸ்தவப் பேரரசரிடம் ஆள் கேட்டு அனுப்பினார். அங்கிருந்து கைதேர்ந்த ஒருவரும் மூட்டை மூட்டையாகச் சில்லுகளும் வந்து சேர்ந்ததாகவும், வந்தவர் உள்ளூர் ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததாகவும் அரபு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மாடத்துக்குள் தலையை உயர்த்தினால், சிப்பி ஓடு போலக் குடைந்த கூரை தெரியும்.

இந்தக் காலத்துக்கு வரும்போது இரவல் தூண் தேவைப்படவில்லை. புதிதாகவே செதுக்கினார்கள், கருநீலச் சாயலில் ஒன்று, செந்நிறத்தில் ஒன்று என்று முறைவைத்து நிறுத்தினார்கள். அந்தத் தூண்களின் அருகே போய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடமாகப் பார்த்து நின்றால், கல்லில் சின்னச் சின்ன அரபு எழுத்துகள் கீறியிருப்பது கண்ணில் படும். வேதவசனம் அல்ல, கல்தச்சர்களின் பெயர்கள். தன் உளி பட்ட கல் இது என்று ஒவ்வொருவரும் விட்டுப்போன கையெழுத்து. கலீபாக்களின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்த அதே கட்டடத்தில் கூலிக்காரர்களின் பெயரும் ஆயிரம் வருஷமாக நிற்கிறது. வழிகாட்டிகள் மிஹ்ராபுக்கு அவசரப்படுவதால் பயணிகளில் பலர் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

கடைசி விரிவு அல் மன்சூருடையது. பெயருக்குத்தான் கலீபா வேறொருவர், அதிகாரம் முழுக்க இந்த அமைச்சர் கையில். தெற்கே ஆறு குறுக்கிட்டதால் 987 வாக்கில் அவர் கிழக்குப் பக்கமாக எட்டு வரிசைகளைச் சேர்த்தார். இடம் நிறைய, வேலையில் அவசரம். பல வளைவுகளில் செங்கல் வைக்கவே இல்லை, முழுக்கக் கல்லை அடுக்கிச் சிவப்புச் சாயம் பூசிவிட்டார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதே அல் மன்சூர் 997இல் வடமேற்குக் கோடியில் இருந்த சாந்தியாகோ நகரத்தைச் சூறையாடினார். அங்கே தேவாலயத்து மணிகளைக் கழற்றி, கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபா வரை நடக்கவைத்து, பள்ளிவாசலில் விளக்குகளாகத் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். 1236 ஜூன் 29 அன்று காஸ்தீல் மன்னர் மூன்றாம் ஃபெர்டினாண்டிடம் ஊர் வீழ்ந்தது. அவர் அந்த மணிகளை இறக்கி, இந்த முறை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றி சாந்தியாகோவுக்கே திருப்பி அனுப்பினார் என்பது கதையின் மறுபாதி.

பள்ளிவாசல் உடனே பேராலயமானது. ஆனால் இடிக்கப்படவில்லை, அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. செவில் நகரத்தின் பெரிய பள்ளிவாசலை 15ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டுப் பேராலயம் கட்டினார்கள். மினாராவும் முற்றமும்தான் அங்கே மிச்சம். தோலேதோவிலும் பெரிய பள்ளிவாசல் போன இடத்தில்தான் பேராலயம் எழுந்தது. கோர்தோபாவிலோ மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ, ஊரில் இருந்த முஸ்லிம் கைவினைஞர்கள் ஆண்டுக்கு இரண்டு நாள் கூலியில்லாமல் இதன் பராமரிப்பைப் பார்க்க வேண்டும் என்று 1263இல் ஆணையிட்டார். தொழுகை நடத்த முடியாத கட்டடத்தை அவர்களே பூசிச் செப்பனிட்டார்கள்.

சச்சரவு 1523இல் வெடித்தது. தூண்காட்டின் நட்டநடுவே வெட்டி எடுத்துவிட்டு, உயரமான புதிய தேவாலயம் எழுப்ப வேண்டும் என்றார் ஆயர் அலோன்சோ மன்ரீக்கே. நகரசபை ஒத்துக்கொள்ளவில்லை. இடிப்பு வேலைக்குப் போகும் கொத்தனார், தச்சர் யாராக இருந்தாலும் தலை போகும் என்று பறைசாற்றியது. ஒரு பள்ளிவாசலைக் காக்க, ஆயரை எதிர்த்துக் கத்தோலிக்க நகரசபை மரணதண்டனை அறிவித்தது 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் என்பதை மறந்துவிடக் கூடாது. வழக்கு பேரரசர் ஐந்தாம் கார்லோஸிடம் போனது. ஊரையே பார்த்திராத அவர் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

1526இல் நேரில் வந்து பார்த்தவர், எங்கும் இருக்கக்கூடிய ஒன்றுக்காக எங்குமே இல்லாத ஒன்றைக் கெடுத்துவிட்டீர்களே என்று நொந்துகொண்டதாக ஒரு கதை உண்டு. அவர் சொன்னதாக நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. சொல்லியிருந்தாலும் வேடிக்கைதான்: அதே காலத்தில்தான் கிரனாதாவில் அல்ஹம்ப்ரா அரண்மனைகளை ஒட்டித் தனக்கென்று ஒரு சதுர மாளிகையைக் கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

எர்னான் ரூயிஸ் என்ற கட்டடக் கலைஞர் வேலையை ஆரம்பித்து, அவர் மகன் தொடர்ந்து, 1607இல்தான் தேவாலயம் முடிந்தது. அழகு ரசிகர்கள் நாலு நூற்றாண்டுகளாக அதைத் திட்டித் தீர்க்கிறார்கள். திட்டுவதில் நியாயமும் உண்டு, தாழ்ந்த நிழலில் நடந்துவரும்போது திடீரென்று வெள்ளையும் பொன்னுமாக ஒரு வெளிச்சம் எழும்பி நிற்பது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்று. நடுவில் பேராலயம் இருந்ததால்தான் சுற்றியுள்ள தூண்கள் பிழைத்தன என்று வாதிடவும் இடமிருக்கிறது. செவிலுக்கு நேர்ந்தது இதற்கு நேரவில்லை. 850க்கு மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன.

இந்த ஊரில் அடுக்குகள் எங்கே வேண்டுமானாலும் உரியும். பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளி, யூதத் தெருவில் 1315இல் கட்டிய ஒரு சிறிய தொழுகைக்கூடம். 1492இல் யூதர்களை நாடுகடத்திய பிறகு அது வெறிநாய்க்கடி நோயாளிகளின் மருத்துவமனையானது, பிறகு செருப்புத் தைப்போர் சங்கத்தின் சிற்றாலயமானது. 1884இல் சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தபோது அடியில் எபிரேய எழுத்துகள் தெரிந்தன.

பள்ளிவாசலில் தொழ இன்று அனுமதி இல்லை. கவிஞர் இக்பால் 1933இல் இங்கே வந்து தொழுததும், அதைப் பற்றி உருதுவில் எழுதிய நெடுங்கவிதையும் இந்தியத் துணைக்கண்டத்தில் பேர்போனவை. உரிமைச் சண்டையும் ஓயவில்லை. 2006இல் மறைமாவட்டம் 30 யூரோ கட்டணம் செலுத்தி முழுக் கட்டடத்தையும் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது, உள்ளூரில் அதைக் கிளறினால் இன்றும் சூடு பறக்கும். பெயரிலும் இழுபறி. ஊர்க்காரர்கள் வாயில் அது எப்போதும் மெஸ்கீத்தா, அதாவது பள்ளிவாசல். ஞாயிறு பூசைக்குப் போகிறவரும் அப்படித்தான் சொல்கிறார்.

ஆரஞ்சு மரங்கள் வரிசைகட்டி நிற்கும் முற்றத்தின் ஓரத்தில் 54 மீட்டர் மணிக்கோபுரம். 1589இல் பழைய மினாரா சேதப்பட்டபோது, மூன்றாம் தலைமுறை எர்னான் ரூயிஸ் அதை அடியோடு இடிக்காமல், மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுச் சுற்றிலும் புதுச் சுவர் எழுப்பினார். படியேறுகிறவர்களுக்கு வழியில் கலீபா காலத்துக் கல்வரிசை தென்படும். மேலே போய் மணிகளுக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தால், நீள நீளமான ஓட்டுக்கூரைகள் பத்தொன்பது, உழுத வயலின் வரப்புகள் மாதிரி ஆற்றை நோக்கி இறங்குகின்றன. நடுவில் பேராலயத்தின் கல்முதுகு. அதற்கப்பால் குவாதல்கிவீர் ஆறும், மேலே ரோமர் பெயரைத் தாங்கிய பாலமும்.