அம்பலத்தில் சாட்சி

சீகிரியாக் குன்று என்றதும் காசியப்ப மன்னனும் பாறைச்சுவரின் ஓவிய மகளிருமே நினைவுக்கு வருவர். அக்குன்றைச் சூழ்ந்த மாத்தளைச் சிற்றூர்களுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1815ஆம் ஆண்டு வரை அவை கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. எல்லைத் தகராறு, கடன், சிறு களவு ஆகியவற்றைக் கண்டி நாட்டு ஊர்களில் 'கன்சபாவ' என்னும் கிராம சபையே தீர்த்து வந்தது. ஊர்ப் பெரியோர் வழிப்போக்கர் தங்கும் அம்பலத்திலோ மரநிழலிலோ கூடுவர். கண்டியில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொயிலி இதனை எழுதி வைத்துள்ளார்.

மரநிழலுக்குக் கதவு ஏது? ஒருவர் சொல்லும் சாட்சியத்தை அடுத்துச் சொல்லவிருப்பவர் கேளாதிருக்க வழியில்லை. ஆயினும் பொய் சொன்னவன் மறுநாளும் அதே ஊரார் முகத்தில்தான் விழிக்க வேண்டும். 'அம்பலத்துக்கு வந்துவிட்டது' என்று தமிழர் சொல்லும்போது தொனிக்கும் அச்சமே அங்கு காவல். கௌதமரின் தர்ம சூத்திரமும் சாட்சிகள் தனித்தனியே பேசலாகாது என்றே விதித்தது.

ஆங்கிலேயர் கொணர்ந்த முறை இதற்கு நேர்மாறானது. தம் முறை வரும்வரை சாட்சிகள் வெளியே நிற்க வேண்டும். இதற்குப் பழைய உதாரணம் கத்தோலிக்க விவிலியத்தின் சூசன்னாள் கதை. அவள்மீது பழி சுமத்திய முதியோர் இருவரையும் தானியேல் பிரித்துவைத்து, எந்த மரத்தடியில் கண்டீர் என வினவினார். இருவரும் வெவ்வேறு மரங்களைக் கூறினர். அவள் உயிர் தப்பியது.

கிராம சபை முறையை வெறும் பழமை என்று தள்ளுவது தகாது. 1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசே கட்டளைச் சட்டம் இயற்றி அதற்குப் புத்துயிர் அளித்தது. ஆயினும் செல்வாக்குள்ளவன் எதிரே அமர்ந்திருக்க, ஏழைக் குடியானவன் எவ்வளவு உண்மை பேசியிருப்பான் என்பது ஐயமே. வெளியே நிறுத்தும் முறையிலும் ஓட்டை உண்டு. முதல்நாளே கூடிப் பேசி வருவோரைக் கதவு என்ன செய்யும்? விதியை மீறி உள்ளிருந்து கேட்டவரின் சாட்சியமும் அதனால் மட்டும் தள்ளப்படுவதில்லை. நீதிபதி அதனை ஐயத்தோடு எடைபோடுவார்.

2015ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. அச்சுறுத்தலுக்கு ஆளான சாட்சி மன்றத்துக்கு வராமலே, வேறோரிடத்திலிருந்து ஒலி ஒளித் தொடர்பின் மூலம் சாட்சியம் அளிக்கலாம். 2023இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமும் இவ்வழியை அடைக்கவில்லை. மன்றத்தில் எதிரிக்குத் தெரிவது திரையில் ஒரு முகம். குறுக்கு விசாரணை அத்திரையை நோக்கியே நடைபெறும்.