பைத்துல் மாலுக்குக் காவல்: கூஃபா, ஃபுஸ்தாத், திமிஷ்க்

பள்ளிவாசலின் உண்டியலுக்கும் வக்ஃபு ஆவணங்களுக்கும் பாதுகாப்புத் தேவை என்று எந்த மஹல்லாவில் பேச்செழுந்தாலும், இன்று முதலில் சொல்லப்படுவது கேமரா. அடுத்தது இரும்புக் கதவு. தொழுகை முடிந்ததும் பள்ளியைப் பூட்டிவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. இம்மூன்றாவது யோசனை நம் காலத்தில் தோன்றியதன்று. அதற்கு நேர்மாறான யோசனையோ அதனினும் பழையது. அதையே முதலில் காண்போம்.

ஹிஜ்ரி 17-ல் (கி.பி. 638) ஈராக்கில் கூஃபா நகரம் உருவாயிற்று. ஆளுநர் ஹள்ரத் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மாளிகையும் பைத்துல் மாலும் பள்ளிவாசலைவிட்டுச் சற்று விலகி ஓரிடத்தில் அமைந்திருந்தன. திருடர்கள் சுவரில் கன்னமிட்டுப் பொதுப் பணத்தைக் கொண்டு சென்றனர். ஸஅத் (ரலி) அவர்கள் கட்டடங்களின் இருப்பிடத்தை விவரித்து மதீனாவுக்குக் கடிதம் எழுதினார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பதிலை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். சுவரைத் தடிப்பாக்குங்கள் என்றோ, காவலரைக் கூட்டுங்கள் என்றோ அதில் இல்லை. பள்ளிவாசலை நகர்த்தி மாளிகையை ஒட்டி, மாளிகை கிப்லாப் பக்கம் வருமாறு அமையுங்கள் என்பதே கட்டளை. பள்ளியில் இரவும் பகலும் மக்கள் இருப்பர். தம் பொருளுக்கு அவர்களே அரண் என்பது அதன் காரணம். கருவூலத்தைப் பள்ளிக்குக் கொண்டுவருவதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்போம். பள்ளியே கருவூலத்தை நோக்கி நகர்ந்தது என்பதுதான் வியப்பு! அப்பணியை ரூஸ்பிஹ் என்ற பாரசீகக் கட்டடக் கலைஞர் செய்து முடித்தார். 1938-ல் தொடங்கிய அகழாய்வுகளில், கூஃபா பள்ளியின் கிப்லாச் சுவரை ஒட்டியே ஆளுநர் மாளிகையின் அடித்தளம் வெளிப்பட்டது.

எகிப்தில் வேறு வழி கண்டனர். ஃபுஸ்தாத் நகரில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எழுப்பிய பள்ளிக்குள், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில் உஸாமா இப்னு ஸைத் என்ற வரி அதிகாரி பைத்துல் மாலைக் கட்டினார். (நபித்தோழர் உஸாமா (ரலி) அவர்கள் வேறு, இவர் அதே பெயருடைய பிற்காலத்தவர்.) மிம்பருக்கு எதிரே, கல் தூண்களின்மேல், எந்தக் கூரையையும் தொடாமல் அது நின்றது. கீழே மக்கள் அமர்வதும் நடப்பதுமாக இருந்தனர். உள்ளே செல்ல வேண்டுமானால் மரப்பாலம் ஒன்றைக் கயிற்றால் இழுத்துப் பள்ளியின் கூரைமேல் பொருத்த வேண்டும். இரும்புக் கதவும் பூட்டுகளும் உண்டு. கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு ருஸ்தா இவ்வாறு வர்ணிக்கிறார்.

அவர் தரும் இன்னொரு செய்திதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பைத்துல் மாலின் பொருட்டு, இஷாத் தொழுகைக்குப் பின் எல்லோரும் வெளியேற்றப்பட்டுப் பள்ளியின் கதவுகள் பூட்டப்பட்டனவாம். இடம், தூண், பாலம், பூட்டு, நேர ஒழுங்கு என எதிலும் குறைவில்லாத திட்டம். ஆயினும் கூஃபாவில் யார் காவலராகக் கருதப்பட்டனரோ, அவர்களே இங்கு ஐயத்துக்குரியவராயினர். பணம் தப்பியது, பள்ளி தன் இரவுத் தொழுகையாளிகளை இழந்தது. பணத்தைப் பள்ளிக்குள் வைத்துவிட்டுப் பணத்துக்காகப் பள்ளியை மூடுவதை நம்மால் சிறந்த திட்டமென்று ஏற்க இயலவில்லை.

திமிஷ்கின் உமய்யாப் பள்ளி முற்றத்தில் எட்டுத் தூண்களின்மேல் நிற்கும் எண்கோணக் கருவூலத்தை ஹிஜ்ரி 172-ல் (கி.பி. 789) ஆளுநர் ஃபள்ல் இப்னு ஸாலிஹ் கட்டினார். ஏணியின்றி அதன் சிறு கதவை எட்ட முடியாது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது திறக்கப்பட்டபோது உள்ளே இருந்தவை பழைய குர்ஆன் ஏடுகளும் பன்மொழிச் சுவடிகளுமே. அவற்றில் பெரும்பகுதி முதல் உலகப் போர்க் காலத்தில் இஸ்தான்புல்லுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்குள்ள துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.