பெயர் பெறாத திருப்பங்கள்

மோட்டார் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது வேகம். நேரான பாதையில் அம்பென விரையும் வண்டியும், முடிவுக் கோட்டில் அசைக்கப்படும் கட்டம் போட்ட கொடியும் நினைவுக்கு வருகின்றன. பந்தய வரலாற்றை எழுதியோரும் பெரும்பாலும் வென்றவர் பெயரையும், வண்டியின் பெயரையும், எட்டிய வேகத்தையும் குறித்து வைத்து அமைந்தனர். ஆயினும் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இடம் நேர்ப்பாதை அன்று, திருப்பமே ஆகும். அத்திருப்பங்களுள் சில உலகப் புகழ் பெற்றுவிட்டன. பல பெயரின்றியே மறைந்தன. மறைந்தவற்றுள் நம் நாட்டுத் திருப்பங்கள் மிகுதி. அவற்றைக் குறித்தே இங்குச் சிறிது ஆராய்வோம்.

திருப்பத்தின் தன்மையை முதலில் அறிந்துகொள்வது நலம். ஓடும் பொருள் நேராகவே செல்ல விழைகிறது. அதனை வளைத்துத் திருப்புவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்பு. வேகம் இரு மடங்கானால், திருப்புவதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகிறது. ஆதலின் தேர்ந்த ஓட்டுநர், திருப்பத்துக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, பாதையின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்தை நோக்கி விரைந்து வெளியேறுகிறார். இவ்வாறு செய்வதால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. கூடுதல் வேகம் கைகூடுகிறது.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் பிறக்கிறது. நீண்ட நேர்ப்பாதைக்கு முன்னால் உள்ள திருப்பமே எல்லாத் திருப்பங்களிலும் விலைமதிப்புள்ளது. அங்கே மணிக்கு ஐந்து கிலோமீட்டர் மிகுதியான வேகத்துடன் வெளிப்படுபவர், அந்த ஆதாயத்தை நேர்ப்பாதையின் பெரும்பகுதியிலும் சுமந்து செல்கிறார். ஆனால் பார்வையாளர் கண்ணுக்கு அத்திருப்பம் மிக மெதுவானதாக, சுவையற்றதாகத் தோன்றும். பெல்ஜியத்தில் 1921-ம் ஆண்டு முதல் வழங்கிவரும் ஸ்பா பந்தயப் பாதையில், மேட்டில் ஏறிப் பாயும் ஓ ரூஜ் என்னும் இடத்தை அறியாத ரசிகர் இல்லை. அதற்கு முன்னுள்ள லா சூர்ஸ் என்ற குறுகிய கொண்டைத் திருப்பத்தைப் போற்றுவோர் சிலரே. ஆயினும் லா சூர்ஸில் தடுமாறியவன், ஓ ரூஜைக் கடந்து மேலேறும் நெடும்பாதை முழுவதும் அதன் பலனை அனுபவிக்கிறான். அமெரிக்காவின் லகூனா செக்காவிலும் இதே கதைதான். சரிவில் சுழன்று இறங்கும் கார்க் ஸ்க்ரூ என்ற இடத்தைப் படம் பிடிக்கக் காமிராக்கள் குவிகின்றன. அதன் அடியில், வெய்ன் ரெய்னியின் பெயர் தாங்கி இடப்புறமாக இறங்கும் அடுத்த வளைவை நோக்குவார் அரியர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஹவுரா மாவட்டத்தின் வழியே, உலுபேரியாவைக் கடந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை, வங்கக் கடற்கரை நெடுக 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சென்னையை அடைகிறது. அச்சாலையின் இரு முனைகளிலும், இந்திய மோட்டார் பந்தயத்தின் இரண்டு பழைய களங்கள் இருந்தன என்பது பலரும் நினையாத செய்தி. வடமுனையில், ஹவுராவுக்கு மேலே ஹூக்ளி நதியின் கீழ்க்கரையில் அமைந்த பாரக்பூர் விமான தளம்; தென்முனையில், சென்னைக்கு வடக்கே அமைந்த சோழவரம் விமான தளம். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானங்கள் ஓடிய தளங்களில், யுத்தம் முடிந்தபின் மோட்டார் வண்டிகள் ஓடின.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விந்தையன்று. 1907-ம் ஆண்டில் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட பாதை. யுத்தம் வந்தபோது அது முழுவதும் விமானத் தொழிலுக்குரிய இடமாயிற்று. மறுபுறம், 1943-ல் திறக்கப்பட்ட சில்வர்ஸ்டோன் விமான தளம் 1948-ல் பந்தயக் களமாயிற்று. அங்கே ஓடுபாதைகளின் மீதே வண்டிகள் எதிரெதிராக விரைந்தன. வைக்கோற் கட்டுகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் எல்லை குறித்தன. மறு ஆண்டு முதல் தளத்தைச் சுற்றியுள்ள சாலையே பாதையாயிற்று. அதன் திருப்பங்களுக்கு அருகிலிருந்த தோப்பு, பள்ளி, பழைய தேவாலயம் ஆகியவற்றின் பெயர்கள் வழங்கலாயின. கோப்ஸ், ஸ்டோவ், பெக்கெட்ஸ் என்ற பெயர்கள் உலகெங்கும் பரவின.

சோழவரத்துக்கும் பாரக்பூருக்கும் அத்தகைய பேறு கிட்டவில்லை. விமான ஓடுபாதை இயல்பாகவே நேரானது. திருப்பம் அதில் இல்லை. ஆகவே பந்தயத்துக்கென அங்கே திருப்பத்தைக் குறித்து அமைக்க வேண்டியிருந்தது. இன்று பீப்பாய் நின்ற இடத்தில்தான் திருப்பம். பந்தயம் முடிந்து பீப்பாயை அகற்றினால் திருப்பமும் அகன்றுவிடும். மரமும் மேடும் சுவரும் இல்லாத வெட்டவெளியில், எவ்விடத்தில் பிரேக்கை மிதிப்பது என்பதை ஓட்டுநர் தம் நினைவாற்றலாலேயே அறிய வேண்டும். மலைப்பாதைத் திருப்பம் தன் இயல்பைத் தானே காட்டும். ஓடுபாதைத் திருப்பம் எதையும் காட்டாது. இவ்வகையில் அது கடுமையான ஆசிரியன்.

1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் சோழவரத்தைத் தன் களமாகக் கொண்டது. பந்தய நாட்களில் பெருந்திரளான மக்கள் அங்கே கூடினர். வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்வது அரிதாயிருந்த அக்காலத்தில், நம் நாட்டில் உருவான மூவகை வண்டிகள் அங்கே போட்டியிட்டன. ஒன்று, ஹவுராவிலிருந்து பர்த்தமான் செல்லும் ரயில் பாதையில் தம் பெயராலேயே ஒரு நிலையம் கொண்ட இந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தரபாரா ஆலையில், 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசடர். மற்றொன்று பம்பாயில் உருவான பியட். மூன்றாவது சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இம்மூன்றின் குணதோஷங்களையும் திருப்பங்களே வெளிப்படுத்தின. அம்பாசடரின் 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரம் நேர்ப்பாதையில் அதற்குத் துணை நின்றது; திருப்பத்தில் அதன் எடை எதிரியாயிற்று. பியட்டின் இயந்திரம் 1,089 கன சென்டிமீட்டரே எனினும் வண்டி இலேசானது. ஹெரால்டோ தன் பின் சக்கரங்களைத் தனித்தனியே ஊசலாட விடும் அமைப்புடையது. திருப்பத்தின் நடுவே ஓட்டுநர் திடீரென வேகத்தைக் குறைத்தால், வெளிப்புறப் பின் சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டி நிலைகுலையக்கூடும். அன்றாடம் சாலையில் ஓடிய வண்டிகளின் எல்லை எதுவென்பதை, பெயரற்ற அந்தத் திருப்பங்கள் ஐயமின்றிக் காட்டின.

1990-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு திருப்பங்களும் கொண்ட நிலையான பந்தயப் பாதை திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது. இந்தியாவில் பயிற்சி வண்டிகளை வடிவமைத்து இளைஞருக்கு வழிகாட்டிய கோவை கரிவர்தன் 1995-ல் வான்விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் மற்றொரு பாதை எழுந்தது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-லும், சென்னை கருண் சந்தோக் 2010-லும் உலகின் தலையாய பார்முலா ஒன் பந்தயத்தில் இடம் பெற்றனர். தமிழ்நாட்டு ஓட்டுநரின் இந்த ஏற்றத்துக்குப் பின்னணியில், ஓடுபாதையில் குறித்த திருப்பங்களில் தொடங்கிய ஒரு நீண்ட பயிற்சி மரபு நிற்கிறது.

2011 முதல் 2013 வரை கிரேட்டர் நோய்டாவின் புத் பாதையில் இந்திய கிராண்ட் பிரீ நடைபெற்றது. மூன்று ஆண்டும் வென்றவர் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ப்பாதையின் முடிவில் உள்ள நான்காம் திருப்பத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதைக் காண மக்கள் காத்திருந்தனர். அந்த முந்துதலுக்கு வித்திட்டதோ, நேர்ப்பாதைக்கு முன்னே மேட்டில் மெதுவாகத் திரும்பும் மூன்றாம் திருப்பம். லா சூர்ஸின் தங்கை என்றே அதனைக் கூறலாம். ஆயினும் இன்றுவரை அதற்கு எண் உண்டு, பெயர் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று வினவலாம். ஜப்பானின் சுசூக்கா பாதை 1962-ல் திறக்கப்பட்டபோது, எர்ன்ஸ்ட் டெக்னர் என்ற மோட்டார் சைக்கிள் வீரர் ஒரு வளைவில் விழுந்தார். இன்றும் அவ்விடம் அவர் பெயரால் வழங்குகிறது. அங்கே பிரேக்கைத் தொடும் ஒவ்வோர் இளைஞனுக்கும் அப்பெயர் ஓர் எச்சரிக்கை. பெயர் என்பது அனுபவத்தைச் சேமித்து வைக்கும் பாத்திரம். நாமோ சோழவரத்தில் ஒரு தலைமுறை பெற்ற அனுபவத்தைப் பாத்திரமின்றியே சிந்தவிட்டோம். அங்கே ஓடிய முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, எந்தத் திருப்பம் எங்கிருந்தது, அதில் யார் எவ்வாறு ஓட்டினர் என்பதைக் கேட்டு எழுதி வைத்தல் தகும். இருங்காட்டுக்கோட்டையின் பன்னிரண்டு திருப்பங்களுள் சிலவற்றுக்கேனும் அவர்கள் பெயரைச் சூட்டுவதும் பொருத்தமே.

பந்தயத்தில் நாட்டம் இல்லாத நேயர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. பந்தயப் பாதையில் ஆளும் விதியே உலுபேரியாச் சாலையிலும் ஆள்கிறது. தேர்ந்த ஓட்டுநர் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைத் தணிக்கிறார். தேராதவர் திருப்பத்தினுள் நுழைந்த பிறகு தணிக்க முயல்கிறார். பந்தயத்தில் இவ்வேற்றுமை சில விநாடிகளை இழக்கச் செய்யும். பொதுச் சாலையில் அது ஓர் உயிரையே கொள்ளக்கூடும்.