கோட்டமும் வார்டும்: சித்தூர், திருப்பதி எல்லை வரலாற்றில் அலகு பெறும் இடம்

எல்லை என்னும் சொல் நிலத்தின்மேல் வரையப்படும் கோட்டை நினைவூட்டுவது. ஆயின், கோடு வரையப்படுவதற்கு முன்னரே ஒரு வினாவுக்கு விடை காணப்பட்டிருக்கும். எந்த நிலப்பகுதியை ஓர் அலகாகக் கொண்டு மக்களை எண்ணுவது என்பதே அவ்வினா. மாவட்டத்தை அலகாகக் கொண்டால் ஒரு விடையும், கிராமத்தைக் கொண்டால் மற்றொரு விடையும், நகர வார்டைக் கொண்டால் வேறொரு விடையும் கிடைக்கின்றன. தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாகக் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்குவதும், அலகுப் பெயர்களை மொழிபெயர்ப்போர் கருதவேண்டியவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. கல்வெட்டு அலகுகள்

தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிப்பிடுகிறது. மலையை எல்லையாகக் கூறும் இவ்வழக்கு ஓர் அடையாளத்தைச் சுட்டுகிறதேயன்றி, இன்ன ஊர் உள்ளே, இன்ன ஊர் வெளியே என்று பிரிப்பதில்லை. அவ்வாறு பிரித்துக் காட்டும் ஆட்சி அலகுகளைக் கல்வெட்டுகளிற் காண்கிறோம். திருமலை, திருப்பதிக் கோயிற் கல்வெட்டுகளுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சோழர் காலத்தில் இப்பகுதி திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாடு எனப்பட்டது. தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றாகிய இது மக்கள்தொகையை அளந்து வகுக்கப்பட்டதன்று. மண்டலம், கோட்டம், நாடு, ஊர் என்னும் வரிசையில் ஓர் இடத்தை அடையாளம் காட்டுவது.

ஊரினுள் அமைந்த பிரிவுக்குத் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த உத்தரமேரூர் சான்றாகும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவ்வூரின் முப்பது குடும்புகளையும், அவற்றிலிருந்து வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையையும் விளக்குகின்றன. குடும்பு என்பதை ஆங்கிலத்தில் வார்டு என்று பெயர்த்தனர். அப்பெயர்ப்பே பின்னர்த் தமிழுக்குத் திரும்பி, சோழர் காலத்து வார்டுகள் என்னும் தொடர் பாடநூல்களிலும் மேடைகளிலும் வழங்கலாயிற்று. ஆனால் குடும்பில் எல்லார்க்கும் வாக்கு இருந்ததில்லை. வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையோர், வயதும் கல்வியும் பற்றிய பிற தகுதிகளையும் பெற்றிருப்பின், அவர்தம் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்திலிடப்பட்டன. சீட்டு எடுக்கப்பட்டதேயன்றி வாக்கு எண்ணப்படவில்லை. எனவே இரு சொற்களையும் ஒன்றாகக் கொள்வது பொருந்தாது.

2. மாவட்டம், வட்டம், கிராமம்

வட ஆர்க்காட்டின் சில வட்டங்களும் ஜமீன் பகுதிகளும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் சேர்க்கப்பட்டு, 1911 ஏப்ரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. ஆட்சி வசதிக்காக அமைந்த இவ்வெல்லை, 1953 அக்டோபர் முதல் நாளன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மொழி எல்லையாகவும் ஆகிவிட்டது. மாவட்டமே அலகாகக் கொள்ளப்பட்டமையால் சித்தூர் முழுமையும் ஆந்திரத்தைச் சேர்ந்தது.

அதே சட்டத்தில் பல்லாரி மாவட்டம் வேறு முறையில் கையாளப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. அங்கே வட்டம் அலகாயிற்று. ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் ஆகிய மூன்று வட்டங்கள் ஆந்திரத்திற்கும் ஏனையவை மைசூருக்கும் சென்றன. ஒரே ஆண்டில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரு மாவட்டம் பிரிக்கப்பட்டது, மற்றொன்று பிரிக்கப்படவில்லை.

வேங்கடம் வரை உரிமை கோரி ம.பொ. சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் திருத்தணிப் பகுதியில் மங்கலங்கிழார் முன்னின்றார். அதன் தொடர்ச்சியாக நடுவராக அமர்ந்த எச்.வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகவும், நிலத்தொடர்ச்சியையும் மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோல்களாகவும் கொண்டார். அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் 1959ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. 1953க்கும் 1960க்கும் இடையே மக்களின் மொழி மாறிவிடவில்லை. எண்ணும் அலகு மாறியது, எல்லையும் மாறியது.

3. நகரத்தினுள் எல்லை

திருப்பதி 1886இல் நகராட்சியாயிற்று. 2007இல் மாநகராட்சியாக உயர்ந்தது. சித்தூர் 2012இல் அந்நிலையை அடைந்தது. திருப்பதி மாநகராட்சியின் முதல் மாமன்றத் தேர்தல் 2021 மார்ச்சு 10 அன்று நடைபெற்றது. அதற்கென நகரம் ஐம்பது பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்று இலட்சம். ஆகவே ஒரு பிரிவுக்குச் சராசரியாக ஆறாயிரம் பேர் எனலாம். வார்டு வகுப்பதில் மக்கள்தொகைச் சமன்பாடும் நிலத்தொடர்ச்சியும் கருதப்படுகின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோர், மகளிர் ஆகியோர்க்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மொழி இவ்வளவுகோல்களுள் ஒன்றன்று.

மொழி கருதப்படாமையால் எல்லை மொழியைத் தொடவில்லை என்று முடிவு செய்தல் ஆகாது. ஒரு கணக்கைக் கற்பனையாகக் கொள்வோம். ஆறாயிரம் பேர் வாழும் ஒரு வார்டில் அடுத்தடுத்த தெருக்களில் 2,700 பேர் சிறுபான்மை மொழியினர் எனின், அவர்கள் 45 விழுக்காடு. புதிய எல்லை அத்தெருக்களை மூன்று வார்டுகளுக்குச் சமமாகப் பிரிப்பின், ஒவ்வொன்றிலும் அவர்கள் 15 விழுக்காடே. எவரும் வீடு மாறவில்லை. ஆயினும் வாக்குக் கேட்டு வருபவர் எம்மொழியில் பேசுவார் என்பது மாறிவிடும்.

நகர எல்லை விரிவதும் இத்தகையதே. மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு உள்ள நகராட்சிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்தம் மொழியிலும் வெளியிடலாம் என்பது நடுவண் அரசின் 1956ஆம் ஆண்டுக் குறிப்பாணையின் கருத்து. ஓர் இலட்சம் பேர் கொண்ட நகரில் 18,000 பேர் சிறுபான்மை மொழியினராயின் அவர்கள் இவ்வரம்பினுள் அடங்குவர். 50,000 பேர் வாழும் சுற்றுக் கிராமங்கள் இணைக்கப்பட்டு, அவற்றுள் 2,000 பேரே அம்மொழியினராயின், தொகை 20,000ஆக உயரும்; விழுக்காடோ 13ஆகக் குறையும். எண்ணிக்கை பெருகியும் தகுதி இழக்கப்படுகிறது.

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோதும் பகுக்கும் எண் மாறிற்று. நகரி சித்தூர் மாவட்டத்தில் நிற்க, அண்டையிலுள்ள புத்தூர் திருப்பதி மாவட்டத்திற்குச் சென்றது. பழைய மாவட்டத்தின் மொழிக் கணக்கைப் புதிய மாவட்டங்களின் கணக்கோடு நேராக ஒப்பிடுதல் தவறாகும்.

4. சொல்லின் சிக்கல்

அலகுகள் மாறியும் பெயர்கள் மாறாதிருத்தல் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தருவது. சோழர் ஆட்சியில் மண்டலம் மிகப் பெரிய பிரிவு. சென்னை மாநகராட்சியில் அது பல வார்டுகளின் தொகுதி. ஆந்திரத்தில் 1985 முதல் தாலுகாவினும் சிறிய வருவாய்ப் பிரிவு. வட்டம் என்பது தமிழக வருவாய்த் துறையில் தாலுகாவையும், சென்னை நகர வழக்கில் வார்டையும் குறிக்கும். தெலுங்கில் நகராட்சிப் பிரிவு வார்டு என்றும், மாநகராட்சிப் பிரிவு டிவிஷன் என்றும் வழங்கும். தெலுங்கு ஆவணத்தின் மண்டலத்தை விளக்கமின்றித் தமிழில் எழுதினால், படிப்பவர் வேறு அளவுள்ள நிலப்பரப்பைக் கருதிக்கொள்ள நேரும்.

முடிவுரை

மொழிக் கணக்கு எதனையும் ஆளுமுன் அது எந்த அலகில், எந்த ஆண்டின் எல்லைக்குள் எடுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர் குறித்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வார்டு, மண்டலம் போன்ற சொற்களை அவ்வவ்வாறே நிறுத்தி, முதல் வருகையில் அளவை விளக்குதல் நன்று. குடும்பு குடும்பாகவே நிற்கட்டும்.

எல்லா உரிமைகளும் நிலப்பகுதியைச் சார்ந்தவையல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1949ஆம் ஆண்டுக் கல்வி அமைச்சர் மாநாடு, ஒரு பள்ளியில் நாற்பது மாணவரோ ஒரு வகுப்பில் பத்து மாணவரோ இருப்பின் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளித்தல் வேண்டும் என்றது. அங்கே எண்ணப்படுவது தலையே, தெருவன்று. எல்லை எத்துணை முறை மாறினும் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பத்துப் பிள்ளைகள் பத்துப் பேராகவே இருப்பர். அலகைப் பற்றிய வினா ஏன் வெறும் ஆட்சித்துறை வினாவன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.