கைப்பிரதியிலிருந்து புளூடூத் வரை: மேச்சேரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு செய்தித்தொடர்பு வரலாறு

மேட்டூருக்குக் கிழக்கே, தொப்பூர் போகும் சாலையில் இருக்கிறது மேச்சேரி. வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைப் பத்ரகாளியம்மன் கோயிலாலும், இளஞ்செம்பழுப்பு நிற மேச்சேரி ஆட்டினத்தாலும் அறிவார்கள். அந்த ஆட்டினத்துக்காகவே 1978இல் அருகிலுள்ள பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது. இன்று அதே பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ. இரும்பாலை இயங்குகிறது. சந்தை, கோயில், ஆலை மூன்றும் அடுத்தடுத்து இருக்கும் இத்தகைய ஊர்களில், செய்தியோடு மக்களைத் தேடிப் போகிறவர்கள் இரண்டு வகையார்: சமய ஊழியர்களும் வணிகர்களும். இருவரும் ஏறத்தாழ ஒரே கருவிகளை ஒருவர் பின் ஒருவராகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். அச்சிட்ட தாள், ஒலிபெருக்கி, திரைப்பட வண்டி, கேசட் என்று நீளும் அந்த வரிசையில் மிகக் குறைந்த காலமே வாழ்ந்தது கைபேசியின் புளூடூத். தமிழகச் சிற்றூர்களில் அதன் செழிப்பான காலம் 2000களின் நடுவில் தொடங்கி, மலிவு இணையம் வந்த 2016 வாக்கில் முடிந்துவிட்டது. அந்தப் பத்தாண்டுகளை ஆய்வுலகம் கவனிக்காமல் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெறுகிறவர் "சரி" என்று அழுத்தாமல் ஒரு செய்தியும் போய்ச்சேராத கருவி அது. அந்த நிபந்தனையை மதித்தவர்களிடம் அது பயன்பட்டது. மீற முயன்றவர்களிடம் தோற்றது.

தாளும் ஒலியும்

தமிழ் எழுத்துகளில் அச்சேறிய முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளியான தம்பிரான் வணக்கம். தரங்கம்பாடியில் மறைப்பணியாளர் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. சேலம் சமவெளிக்குச் சமயச் செய்தி வந்த வழியோ அச்சுக்குக் காத்திருக்கவில்லை. இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தது காலால் நடந்து, வாயால் பேசி. இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஹென்றி கிறிஸ்ப் 1827இல் சேலத்தில் பணியைத் தொடங்கினார். 1840இல் வந்த லெக்லர் தொழிற்கல்வியையும் ஊழியத்தோடு சேர்த்துக்கொண்டார். சேலம் கோட்டைப் பகுதியில் இன்றும் அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது. கத்தோலிக்கரின் சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானது.

மேச்சேரிக்கு அண்மையில் இந்தப் பழமைக்கு ஒரு கண்கூடான சான்று உண்டு. 1925 முதல் 1934 வரை மேட்டூர் அணை கட்டப்பட்டபோது காவிரிக்கரை ஊர்கள் பல நீருக்குள் போயின. அணையில் நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவம் நேற்று வந்ததன்று என்பதற்கு வேறு ஆவணம் தேட வேண்டியதில்லை.

தாளின் கதைக்கு வருவோம். சென்னையில் 1818இல் தொடங்கிய சமயத் துண்டுப்பிரசுரச் சங்கம் மலிவு விலைச் சிறுநூல்களை ஊர் ஊராக அனுப்பியது. தமிழ்ச் சபைகள் "கைப்பிரதி ஊழியம்" என்று சொல்லும் பழக்கத்தின் வேர் அது. மறுதரப்பும் சும்மா இருக்கவில்லை: 1887இல் சென்னையில் தோன்றிய இந்துத் துண்டுப்பிரசுரச் சங்கம் அதே வடிவத்தில், அதே சந்தைகளில் பதில் கொடுத்தது. ஜவுளிக்கடை நோட்டீசும் சினிமா நோட்டீசும் இந்தப் பாதையில்தான் பின்னால் வந்தன. இதில் வரலாற்றாய்வாளருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி ஒவ்வொரு அச்சுத்தாளிலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டியிருந்தது. கிழிந்த கைப்பிரதி ஒன்று கிடைத்தாலும், அடியில் இருக்கும் ஒற்றை வரி அதன் பிறப்பைச் சொல்லிவிடும்.

ஒலிக்கு அந்த வரி கிடையாது. 1939இல் ஜாய் ரிடர்ஹாஃப் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்பல் ரெக்கார்டிங்ஸ், எழுத்தறியாதோர் மொழிகளில் இசைத்தட்டுகள் செய்து, கையால் சுற்றும் அட்டைப் பெட்டி இசைத்தட்டுக் கருவியோடு அனுப்பிவைத்தது. சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபெபா வானொலி 1970 முதல் தென்னாசிய மொழிகளில் சிற்றலையில் பேசியது. திரை வடிவத்தில், அ. பீம்சிங் இயக்கி 1978இல் வெளிவந்த தெலுங்குப்படமான கருணாமயுடு பல மொழிகளில் குரல்மாற்றம் பெற்று, திரையும் ஜெனரேட்டரும் ஏற்றிய வண்டிகளில் ஊர்த்திடல்களுக்குப் போனது.

இவையெல்லாம் ஒருவர் பேச ஊரே கேட்ட ஊடகங்கள். கேட்க விரும்பாதவருக்கும் ஒலிபெருக்கி கேட்டது. தமிழக அரசு 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தபோது, பொது இடத்தில் கைப்பிரதி கொடுப்பதே சந்தேகத்துக்குரிய செயலாகிப் போகும் என்று சபைகள் அஞ்சின. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அரசு அச்சட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் கிராமத்து ஊழியம் திடலைவிட்டு வீட்டு ஜெபக்கூட்டத்தை நோக்கி நகரக் காரணம் இருந்தது. கைபேசியின் தனிச்செய்தி வந்து பொருந்திய இடம் அதுவே.

பத்து மீட்டர்

ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் ஜாப் ஹார்ட்சென் முதலான பொறியாளர்கள் தொடங்கிய வேலை, 1998இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா சேர்ந்த கூட்டமைப்பாகி, புளூடூத் என்ற பெயர் பெற்றது. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசும். கைபேசிகளில் வழக்கமாக இருந்த வகைக்கு ஆற்றல் 2.5 மில்லிவாட், எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர். இந்தியாவில் 2005 சனவரி அறிவிக்கை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றது. மறு ஆண்டு நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னால் "சைனா செட்" எனப்பட்ட மலிவுக் கைபேசிகள் இரண்டு சிம், பெரிய ஒலிபெருக்கி, மெமரி கார்டு, புளூடூத் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்தன.

இணையம் இல்லாத கைபேசிக்கு அன்று ஊற்று, பேருந்து நிலையத்து மொபைல் கடை. கடைக்காரர் தம் கணினியிலிருந்து மெமரி கார்டில் பாட்டு "ஏத்திக்" கொடுப்பார். அதன்பின் நண்பரிடமிருந்து நண்பருக்கு, "புளூடூத் ஆன் பண்ணு, அனுப்புறேன்" என்று அது பரவும். அம்மன் பாட்டும், ஐயப்பன் பாட்டும், இயேசு பாட்டும், படப்பாட்டும் ஒரே கார்டில் இருந்தன. சபை சார்ந்தவர்கள் இதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் தங்கள் நீரையும் விட்டார்கள்.

என்னென்ன அனுப்பலாம் என்பதைக் கருவியின் வேகமே தீர்மானித்தது. தொடக்க வகைப் புளூடூத் நொடிக்கு 721 கிலோபிட் என்ற உச்சத்தைத் தாண்டாது. 5 எம்.பி. பாட்டு ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆகும். ஒரு மணி நேரப் பிரசங்கத்தை 64 கிலோபிட் தரத்தில் பதிந்தால் சுமார் 29 எம்.பி.; அனுப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் இருவரும் அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே பிரசங்கம் துண்டுகளாயிற்று. பாட்டு முன்னால் வந்தது. எழுத்துக்கு வேறு தடை: அக்காலத்துப் பல மலிவுக் கைபேசிகளில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரியும். அதற்கு வழி, எழுத்தைப் படமாக்குவது. புத்தாண்டு ஆராதனையில் சபையார் எடுக்கும், வேதவசனம் கொண்ட வாக்குத்தத்த அட்டை, வசனப் படமாகக் கைபேசிக்குள் புகுந்தது இப்படித்தான். இன்று வாட்ஸ்அப்பில் காலைதோறும் வரும் வசனப் படங்களுக்கு இதுவே நேர் முன்னோடி.

உலக அளவிலும் இதே காலத்தில் இந்த எண்ணம் உருக்கொண்டது. 2010இல் பல மிஷன் அமைப்புகள் கூடி மொபைல் மினிஸ்ட்ரி ஃபோரம் அமைத்தன. இணையமும் மின்சாரமும் நம்பமுடியாத ஊர்களில் மெமரி கார்டும் புளூடூத்தும்தான் வழி என்பது அவர்களின் நடைமுறைப் பாடங்களில் ஒன்று. சமயம் சாராத எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது. சத்தீஸ்கரின் பழங்குடிப் பகுதிகளில் சுப்ரான்ஷு சௌத்ரி தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, கிராமத்தார் தொலைபேசியில் பதிந்த செய்திகளையும் பாட்டுகளையும் நிகழ்ச்சியாகக் கோத்தது. இணைய வசதியுள்ள ஒரு கிராமத்தில் அதை இறக்கி, அங்கிருந்து புளூடூத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. நிலையமே இல்லாத வானொலி அது. மேச்சேரிப் பக்கத்துச் சபைகளுக்கும் பழங்குடி வானொலிக்கும் நேரடி உறவு எதுவும் கிடையாது. ஒரே பற்றாக்குறை இரண்டு இடத்திலும் ஒரே விடையைப் பெற்றது.

வணிகர் ஏன் தோற்றார்கள்

வணிகர்களுக்கு இந்தக் கருவி முதலில் பெரும் வரமாகத் தோன்றியிருக்க வேண்டும். செலவு இல்லை, தொலைபேசி நிறுவனம் இடையில் இல்லை. 2011 செப்டம்பர் 27 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒரு சிம்மிலிருந்து நாளுக்கு 100 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்ப முடியாமல் போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அது 200 ஆனது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரைவிட்டு வதந்தியால் வெளியேறியபோது, ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் மொத்தக் குறுஞ்செய்திகள் இரண்டு வாரங்களுக்குத் தடைப்பட்டன. இந்த விதிகள் எவையும் புளூடூத்தைத் தொடவில்லை. பெங்களூரின் டெலிபிரம்மா நிறுவனம் வணிக வளாகங்களிலும் காபிக் கடைகளிலும் புளூடூத் நிலையங்களை வைத்து, உள்ளே வருவோருக்கு விளம்பரம் அனுப்பும் தொழிலை நடத்தியது.

அது ஏன் சந்தை ஊர்களுக்கு வரவில்லை? பணமில்லை என்பது அரைக் காரணம்தான். மீதியைக் கருவியின் உள்ளமைப்பில் தேட வேண்டும். பழைய புளூடூத் சுற்றியுள்ள கைபேசிகளை முழுமையாகத் தேடி முடிக்கத் தரம் வகுத்த நேரம் 10.24 நொடி. அதன்பின் பெயர் கேட்க, இணைப்புத் தொடங்க மேலும் சில நொடிகள். நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடக்கிறவர், கடைவாசலின் 20 மீட்டர் வட்டத்தைக் கடக்கப் பதினாறு நொடிபோல் எடுப்பார். கேள்வி திரையில் தோன்றும்போது அவர் அடுத்த கடையில் இருப்பார். உட்கார்ந்திருப்போரிடம் மட்டுமே இது செல்லும்: காபிக் கடை, பேருந்து, சவரக் கடை, ஜெபக்கூட்டம். இவற்றில் வணிகருக்குச் சொந்தமானவை குறைவு.

அதைவிட ஆழமான காரணம் நம்பிக்கை. 2003 வாக்கில் ஐரோப்பாவில், தொடர்பு அட்டையின் பெயர்க் கட்டத்தில் செய்தியை எழுதி அந்நியர் கைபேசிக்குத் தள்ளும் விளையாட்டு பரவியது. 2004இல் கேபிர் என்ற புளூடூத் நச்சுநிரல் வந்தது. "இல்லை" என்று அழுத்தினாலும் அது விடாமல் மறுபடி மறுபடி கேட்டது. தொல்லை தாங்காமல் "சரி" அழுத்தியவர்களின் கைபேசியில் அது தொற்றிக்கொண்டது. அந்த அனுபவத்துக்குப் பின், தெரியாத பெயரிலிருந்து வருவதை ஏற்கக்கூடாது என்பது எல்லோருக்கும் பாடமாயிற்று. புதிய தலைமுறைக் கருவிகளும் இதே கல்லில் இடறின. கூகுள் 2015இல் கொண்டுவந்த எடிஸ்டோன் வகை பீக்கன்கள் (அருகிலுள்ள கைபேசிகளுக்குச் செய்தி அனுப்பும் சிறு புளூடூத் கருவிகள்), வேண்டாத அறிவிப்புகளால் மக்களை நச்சரித்தன. 2018 டிசம்பரில் ஆண்ட்ராய்டில் அந்த அறிவிப்பு வசதியை கூகுளே நிறுத்தியது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் போன்றது புளூடூத். கையெட்டும் தூரத்தில் இரண்டு பேர் வேண்டும். இருவரும் கை கொடுக்க வேண்டும். சுற்றி நிற்போருக்கு ஒன்றும் தெரியாது. அந்த உறவு முன்பே இருந்த இடங்களில், அதாவது பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ஆலைத் தோழருக்கும், ஜெபக்கூட்டத்து அண்ணனுக்கும் நடுவில், கோப்பு போனது. ஊழியத்தில் இருந்தோர் வணிகரைவிடத் திறமையானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. அவர்களிடம் ஏற்கெனவே கூட்டம் இருந்தது, கூட்டத்தில் அறிமுகம் இருந்தது. முன்பின் அறியாத பயணியின் கைபேசிக்குள் வசனம் தள்ள முயன்ற ஊழியருக்கும் கடைக்காரருக்குக் கிடைத்த அதே "இல்லை"தான் கிடைத்திருக்கும். அதுவே நியாயமும்கூட. அரசமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. மற்றவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இல் கூறியது. கேட்பவரின் சம்மதம் என்ற கோட்டை நீதிமன்றம் சொல்லில் வரைந்தது என்றால், கருவி அதைப் பொத்தானில் வைத்திருந்தது.

முடிவும் மிச்சமும்

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஓராண்டுக்குள் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் விழுங்கியது. இடையில் ஷேர்இட், ஜெண்டர் போன்ற செயலிகள் கைபேசிகளுக்கிடையே வைஃபையில் கோப்புகளைப் பலமடங்கு வேகமாகக் கடத்தின. 2020 சூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஷேர்இட்டும் ஜெண்டரும் இருந்தன. அதற்குள் கொரோனா முடக்கம் சபைகளை யூடியூபுக்குக் கொண்டுபோயிருந்தது.

ஆய்வாளருக்கு இப்போது அவசர வேலை ஒன்று இருக்கிறது. கைப்பிரதியின் அடியில் அச்சகத்தார் பெயர் இருந்ததைச் சொன்னேன். கோப்பில் அப்படி எதுவும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. எம்பி3 கோப்பின் உள்குறிப்பில் அதைப் பதிவேற்றிய தளத்தின் பெயர், தொகுப்பின் பெயர், சில சமயம் ஏற்றியவர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். மாற்றப்பட்ட நாள், ஒலித்தரம், கோப்புப்பெயரில் நேர்ந்த திரிபுகள் ஆகியவற்றை ஒப்பிட்டால், ஓலைச்சுவடியின் படிகளை ஒப்பிட்டுக் கொடிவழி வரைவது போல ஒரு பாட்டு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிருக்கும் என்று வரிசைப்படுத்த முடியும். ஆனால் மெமரி கார்டின் மின்னேற்றம் நிலையானதன்று; பயன்படுத்தாமல் கிடக்கும் கார்டு சுமார் பத்து ஆண்டுகளே தகவலைக் காக்கும் என்று உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கணக்கிடுவார்கள். 2010இல் ஏற்றிய கார்டுகள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் இதழ்களையும் கைப்பிரதிகளையும் போல இவற்றையும் சேகரிக்க வேண்டும். தேட வேண்டிய இடங்கள் மொபைல் கடைகளின் மேசை இழுப்பறைகளும், சபையாரின் பீரோக்களில் கிடக்கும் பழைய செட்டுகளும். கார்டை நேரடியாகத் திறந்து பார்க்காமல், அதில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் கருவியோடு கணினியில் செருகி, முழுப் படியெடுத்த பிறகே கோப்புகளைத் தொட வேண்டும். திறந்தாலே கோப்புகளின் சில தேதிக் குறிப்புகள் மாறிவிடும். கொடுத்தவரின் குடும்பப் படங்களும் அதே கார்டில் இருக்கும் என்பதால், எதை ஆவணமாக்கலாம் என்று அவரிடம் கேட்டு, அவர் மறுத்தவற்றை அழித்துவிட்டுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.