திருமணத்தைப் பற்றிப் படம் என்ன நினைக்கிறது?: காதல் நகைச்சுவையும் கத்தோலிக்க விமர்சனமும்

காதல் நகைச்சுவைப் படமொன்றை எடைபோடும் கத்தோலிக்க விமர்சகர், திரையில் எத்தனை முத்தம் வந்தது என்று கணக்கெடுப்பதற்கு முன், படம் திருமணத்தை என்னவாகக் கருதுகிறது என்று கேட்க வேண்டும். அமெரிக்கத் திருச்சபையின் திரைமதிப்பீடு நெடுங்காலம் கணக்கெடுப்பிலேயே நின்றுவிட்டது. இயேசு சபைக் குரு டேனியல் லார்டும் இதழாளர் மார்ட்டின் குவிக்லியும் 1930இல் வகுத்துத் தந்த திரைப்படத் தயாரிப்பு விதிகள், 1934 முதல் ஜோசப் பிரீனின் பொறுப்பில் கண்டிப்பாக அமலாயின. ஆயர்களின் ஆதரவோடு எழுந்த 'லீஜியன் ஆஃப் டீசன்சி' படங்களை ஏ, பி, சி எனத் தரம் பிரித்தது. சி என்பது கண்டனம். 1936இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் 'விஜிலான்தி கூரா' சுற்றுமடலில் இம்முயற்சியைப் பாராட்டினார்.

இந்த முறை எங்கே தவறுகிறது என்பதைக் கிரேட்டா கார்போவின் கடைசிப் படமான 'டூ-ஃபேஸ்டு வுமன்' (1941) காட்டுகிறது. தன்னைவிட்டு நியூயார்க்கிலேயே தங்கிவிட்ட கணவனைச் சோதிக்க, மனைவி தனக்கொரு இரட்டைச் சகோதரி இருப்பதாகச் சொல்லி அந்த வேடத்தில் வருகிறாள், கணவன் மயங்குகிறான். லீஜியன் இதற்குச் சி தரம் கொடுத்தது. நியூயார்க் பேராயர் ஸ்பெல்மனும் கண்டித்தார். படத்தைத் தயாரித்த நிறுவனம் பணிந்து, புதிதாக ஒரு காட்சியை எடுத்துச் சேர்த்தது: கணவன் தொலைபேசியில் விசாரித்து, வந்திருப்பவள் தன் மனைவியே என்று முன்கூட்டியே அறிந்துகொள்கிறான். கண்டனம் நீங்கியது. ஆனால் என்ன நடந்திருக்கிறது? முதல் வடிவத்தில் கணவனுக்கு உண்மையான சோதனை இருந்தது. எனவே அவனுடைய வீழ்ச்சிக்கும் மனைவியின் மன்னிப்புக்கும் பொருள் இருந்தது. திருத்திய வடிவில் அவன் வெறுமனே விளையாடுகிறான். பாவத்தை அகற்றப் போய், மனந்திரும்புதலுக்கான இடத்தையும் சேர்த்தே அகற்றிவிட்டார்கள். திருச்சபைக்கே உரிய பொருள் அதுவல்லவா?

பெற்றோருக்கு எச்சரிக்கை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான், சிறுவர்க்கு எது பொருந்தும் என்று சொல்வது நேர்மையான பணி. அது விமர்சனத்துக்கு ஈடாகிவிடாது. விதிகளின் நெருக்கடியில்தான் அக்கால நகைச்சுவை கூர்மையடைந்தது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. எனினும் அந்தப் பெருமை, சொல்ல முடியாததைக் குறிப்பால் உணர்த்திய இயக்குநர்களையே சேரும். இவற்றைவிடக் கனமான மறுப்பு, இறையியலைக் கலையின் மேல் திணிக்கிறோம் என்பது. ஆனால் திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சுயேச்சையான இசைவே என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. இலத்தீன் மரபில் மணமக்களே அந்த அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். இவர்கள் மனமார இசைகிறார்களா என்பதுதான் காதல் நகைச்சுவையின் கதையே. கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கிறது.

கத்தோலிக்கரான லியோ மெக்கேரி இயக்கிய 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) படத்தை இப்படிப் பார்க்கலாம். ஜெர்ரி, லூசி தம்பதியின் மணமுறிவு நள்ளிரவில் முழுமை பெறவிருக்கிறது. அடுத்தடுத்த இரு அறைகளில் இருவரும் படுத்திருக்க, இடைக்கதவு மூடி நிற்க மறுக்கிறது. கடிகாரத்துப் பொம்மைகள் இரண்டும் கடைசியில் ஒரே வாசலுக்குள் போகின்றன. கணக்கெடுப்பவர் இங்கே படுக்கையறையைக் காண்பார். எனக்குத் தெரிவது, நீதிமன்றம் பிரித்தாலும் அறுபடாத ஒரு பிணைப்பு. என் குறை வேறிடத்தில். ஃப்ளோரிடாவுக்குப் போனதாகப் பொய் சொன்ன ஜெர்ரி, செயற்கை விளக்கொளியில் மேனியைக் கருக்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். அவன் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தில் கலிஃபோர்னியா முத்திரை. லூசி அதைப் பார்த்துவிடுகிறாள். இறுதியில் தான் முட்டாளாக இருந்ததாக அவன் ஒப்புக்கொள்கிறான்; அந்த நாட்களில் எங்கே இருந்தான் என்பதை மட்டும் படம் அவனைச் சொல்லவைப்பதில்லை. அறிக்கையிடாத குற்றத்துக்கு லூசி தரும் மன்னிப்பு அவளுடைய பெருந்தன்மை. ஒப்புரவு முழுமை பெற அவன் பங்குக்கும் ஒரு சொல் வேண்டும்; நகைச்சுவையின் வேகத்தில் மெக்கேரி அதைக் கடந்துபோய்விட்டார்.